வயர்லெஸ்ஸில் ஸ்கெலட்டன் எப்படி ஒலிக்கும்?

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' விளையாட்டில் நடுத்தெருவில் ஒரு காரைப் பறித்துக்கொண்டு கிளம்பினால் திரையின் மேல்மூலையில் நட்சத்திரம் ஏறும். சில நொடிகளில் கரகரவென்று ஒரு வயர்லெஸ் குரல் கேட்கும். என்ன குற்றம் என்பதற்கு ஓர் எண், எந்தப் பேட்டை, என்ன நிறக் கார், எந்தத் திசையில் போகிறது என்று உணர்ச்சியே காட்டாமல் சொல்லிவிட்டு அந்தக் குரல் அடங்கிவிடும். 2004-இல் வெளிவந்த விளையாட்டு இது. பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடிய தலைமுறைக்கு அதன் சீட் கோடுகள் மறந்திருக்கலாம். அந்தக் குரல் மறந்திருக்காது.

இந்தக் குரலைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. விளையாட்டில் வரும் துப்பாக்கி, ரத்தம், கெட்ட வார்த்தை ஆகியவற்றைப் பற்றிப் பெற்றோரும் அரசுகளும் இருபது வருடங்களுக்கு மேலாகச் சண்டை போட்டுவிட்டார்கள். ஆனால் விளையாடுகிறவன் காதில் ஓயாமல் விழுந்துகொண்டிருப்பது போலீஸ் வயர்லெஸ். எது குற்றம், எந்தத் தெரு ஆபத்தானது, யார் சந்தேக நபர் என்பதை அந்த உலகத்தில் அறிவிக்கும் அதிகாரம் அதனிடம்தான் இருக்கிறது. சிறிய விஷயமாகத் தோன்றினாலும் இது கவனித்து எழுதப்பட வேண்டிய குரல். இந்திய விளையாட்டு நிறுவனங்கள் நம் ஊர்களைத் திரையில் கட்டத் தொடங்கியிருக்கும் நேரத்தில் இதைச் சொல்வது அவசியமாகிறது.

அது எப்படித் தயாராகிறது என்பது சுவையான சங்கதி. முழு வாக்கியங்களை யாரும் உட்கார்ந்து பதிவு செய்வதில்லை. தொடக்கச் சொல் ஒரு துண்டு, குற்றத்தின் எண் ஒரு துண்டு, பேட்டையின் பெயர் ஒரு துண்டு, நிறம், வண்டி வகை, திசை என்று தனித்தனித் துண்டுகளாகப் பேசவைத்துச் சேமித்துக்கொள்கிறார்கள். விளையாடுகிறவன் என்ன செய்கிறானோ அதற்கேற்ற துண்டுகளை எடுத்து இயந்திரம் கோத்துவிடுகிறது. பங்காரப்பேட்டை ஜங்ஷனில் ரயில் எண்ணும் ஊர்ப்பெயரும் பிளாட்பார எண்ணும் வெவ்வேறு சுருதியில் ஒட்டவைத்து ஒலிக்கும் அறிவிப்பைக் கேட்டவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் பழக்கமானதுதான். ஒட்டு தெரிந்தாலும் ஆட்டத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. நிஜ வயர்லெஸ்ஸும் விட்டுவிட்டுத்தான் கேட்கும்.

2005-இல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீடு: மோஸ்ட் வான்டட்' இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் துரத்தப்படுகிறவனுக்கே போலீஸின் பேச்சு கேட்கிறது. எங்கே சாலையை மறிக்கப்போகிறார்கள், எங்கே ஆணிப்பட்டை விரிக்கப்போகிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேட்டால் தப்பிக்கலாம். அங்கே ஒலி அலங்காரமாக இருப்பதை விட்டு ஆட்டத்தின் கருவியாகவே ஆகிவிட்டது. 1947-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் நடக்கும் 'எல்.ஏ. நோயர்' 2011-இல் வந்தது. துப்பறியும் அதிகாரியின் காரில் ஒலிக்கும் அழைப்புக்கு அந்நகரப் போலீஸ் வானொலி உண்மையிலேயே வைத்திருந்த கே.ஜி.பி.எல். என்ற அடையாளப் பெயரையே அதை உருவாக்கியவர்கள் எடுத்தாண்டார்கள். அந்த அளவுக்கு உழைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதற்கெல்லாம் அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. டெட்ராய்ட் நகரப் போலீஸ் 1928-இல் ரோந்துக் கார்களுக்கு வானொலி வழியாகச் செய்தி அனுப்பத் தொடங்கியது. அப்போது அது ஒருவழிப் பேச்சு. காரில் இருப்பவர் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. 1933-இல் நியூ ஜெர்சியின் பேயோன் நகரத்தில் இருவழிப் பேச்சு வந்தது. அந்தக் காலத்துப் போலீஸ் அலைவரிசை சாதாரண வானொலிப் பெட்டியின் எல்லையை ஒட்டியே இருந்ததால், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முள்ளைக் கொஞ்சம் தள்ளித் திருகினாலே போலீஸ் பேச்சு கேட்டது. ஜனங்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். அந்த ஆர்வத்தை நம்பி 1933-இலேயே 'காலிங் ஆல் கார்ஸ்' என்ற வானொலித் தொடர் வந்தது. 1968-இல் தொடங்கிய 'ஆடம்-12' தொலைக்காட்சித் தொடரில் கன்ட்ரோல் ரூம் குரலாகப் பேசிய ஷாரன் கிளாரிட்ஜ், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் அதே வேலையை உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தவர். நடிகை ஒருவரைத் தேடாமல் அந்த வேலையைச் செய்கிறவரையே கூப்பிட்டுப் பேசவைத்தார்கள்.

விளையாட்டுகளில் அடிக்கடி கேட்கும் 'டென்' என்று தொடங்கும் எண்களுக்கும் ஒரு காரணம் உண்டு. 1930-களின் இறுதியில் இலினாய் மாநிலப் போலீஸின் தகவல்தொடர்புப் பிரிவில் இருந்த சார்லஸ் ஹாப்பர் அவற்றை வகுத்தார். அன்றைய கருவியில் பொத்தானை அழுத்தியதும் அதற்கு மின்சாரம் தரும் சுழல்பொறி முழு வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகும். அதற்குள் பேசிய முதல் அசை காற்றோடு போய்விடும். அதனால் முதல் அசையாக, தொலைந்தாலும் பாதகமில்லாத 'டென்' என்பதை வைத்தார். அதன்பின் வரும் எண்தான் செய்தி. கருவியின் குறையிலிருந்து பிறந்த ஒரு வழக்கம் சினிமாவுக்குப் போய், அங்கிருந்து விளையாட்டுக்குப் போய், கடைசியில் திண்டுக்கல்லிலும் திருப்பத்தூரிலும் கணினி முன் உட்கார்ந்த பையன்களின் வாயில் வந்து நின்றது.

குரல் எட்டாத இடத்தில் குறி பேசுவது தங்கவயலுக்குப் புதிதில்லை. கர்நாடகத்தில், ஆந்திர, தமிழக எல்லைகளுக்கு அருகே இருக்கும் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது இருந்தது. அந்த ஆழத்திலிருந்து கத்தினால் மேலே எதுவும் கேட்காது. ஆட்கள் போகும் கூண்டான கேஜை ஏற்றி இறக்குகிறவருக்கு மணிச் சத்தம்தான் பேச்சு. இந்தியச் சுரங்கங்களின் பொது வழக்கப்படி, ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இறக்கு, மூன்று அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள். மூன்றை இரண்டென்று கேட்டால் உயிர் போகும். ஸ்கெலட்டன், மாரிக்குப்பம், ஊரிகம், சாம்பியன் ரீஃப் என்று சிதறிக் கிடந்த தொழிலாளர் லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள் குறியைப் பிசகாமல் கேட்கத் தெரிந்தவர்களின் பிள்ளைகள்.

இந்தியாவில் போலீஸ் வயர்லெஸ்ஸின் கதை வேறு. போலீஸ் வானொலியை ஒருங்கிணைக்கும் மத்திய அமைப்பு 1946-இல் தொடங்கப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு மாநிலத்திலும் வயர்லெஸ் பிரிவு வளர்ந்தது. ஆனால் அமெரிக்காவில் போலப் பொதுமக்கள் அதைக் கேட்கும் வழக்கம் இங்கே உருவாகவில்லை. உரிமம் இல்லாமல் வானொலிக் கருவி வைத்திருப்பதையே 1933-ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியது. நம் ஜனங்களின் காதில் விழுந்ததெல்லாம் ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கும்போதும், திருவிழாக் கூட்டத்தில் நிற்கும் ஜீப்பின் ஜன்னல் வழியாகவும், டிராபிக் போலீஸ்காரரின் தோளில் தொங்கும் வாக்கி டாக்கியிலிருந்தும் வந்த துண்டுகள்தான். பாதி ஆங்கிலம், பாதி தமிழ் அல்லது கன்னடம், முடிவில் ஓர் 'ஓவர்'.

அந்தத் துண்டுகளைக் கொஞ்சம் கூர்ந்து கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். வயர்லெஸ் மைக்கில் பெரும்பாலும் கார்த் துரத்தல் ஓடுவதில்லை. மந்திரி எங்கே வருகிறார், ஊர்வலம் எந்தத் தெருவைத் தாண்டியது, பந்தோபஸ்துக்குப் போனவர்கள் சாப்பிட்டார்களா, காணாமல் போன குழந்தை என்ன சட்டை போட்டிருந்தது, நெடுஞ்சாலையில் கவிழ்ந்த லாரியை அப்புறப்படுத்த கிரேன் வந்ததா என்பவைதான் அதில் ஓடுகின்றன. ஒரு நகரத்தின் அன்றாடம் அப்படியே மைக்கில் போகிறது. அதைப் பொதுமக்கள் முழுதாகக் கேட்டதில்லை என்பதால், இந்தியாவில் ஒரு விளையாட்டை உருவாக்குகிறவர் கைநீட்டுவது சினிமாவின் மைக்குக்கோ அமெரிக்க விளையாட்டின் மைக்குக்கோதான். இரண்டுமே இரவல்.

ஆனாலும் விளையாட்டில் வரும் அதே வாக்கியம் இந்தியாவில் ஓர் இரவு உண்மையாகவே சொல்லப்பட்டது. 2008 நவம்பர் 26, மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்த இரவு. காமா மருத்துவமனையை ஒட்டிய சந்தில் ஹேமந்த் கார்கரே, அசோக் காம்தே, விஜய் சாலஸ்கர் ஆகிய மூன்று அதிகாரிகள் சென்ற குவாலிஸ் வண்டியை அஜ்மல் கசாபும் அவன் கூட்டாளியும் சுட்டார்கள். மூவரும் இறந்தார்கள். கொலைகாரர்கள் அதே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பின்பக்கத்தில் குண்டுக் காயத்தோடு கிடந்த போலீஸ்காரர் அருண் ஜாதவ் உயிரோடு இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. டயர் போனதும் அவர்கள் குவாலிஸை விட்டுவிட்டு ஒரு ஸ்கோடா காரைப் பறித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு ஜாதவ் வண்டியில் இருந்த வயர்லெஸ்ஸை எட்டிப் பிடித்துக் கன்ட்ரோல் ரூமுக்கு நடந்ததைச் சொன்னார்.

வெள்ளி நிற ஸ்கோடா, இரண்டு பேர். இந்தச் செய்தி மைக்கில் பரவியது. கிர்காவ் சௌபாத்தியில் தடுப்பு வைத்துக் காத்திருந்தவர்கள் அந்தக் காரை நிறுத்தினார்கள். கையில் லத்தி மட்டுமே வைத்திருந்த துக்காராம் ஓம்ப்ளே, கசாபின் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கினார். கசாப் உயிரோடு பிடிபட்டான். நிறம், வண்டி வகை, ஆள் எண்ணிக்கை, போன திசை. விளையாட்டின் இயந்திரம் ஒரு நாளில் பலமுறை கோத்துத் தரும் அதே மாதிரியான துண்டுகள்தான் அந்த இரவில் மும்பையின் வரலாற்றைத் திருப்பின.

கதை அதோடு முடியவில்லை. அசோக் காம்தேயின் மனைவி வினிதா காம்தே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் அந்த இரவின் கன்ட்ரோல் ரூம் பதிவுகளைக் கேட்டு வாங்கினார். காமா மருத்துவமனையைச் சுற்றி வளைக்கக் கூடுதல் படை வேண்டும் என்று கார்கரே மைக்கில் கேட்டிருந்தது அதில் இருந்தது. தன் கணவரின் சாவைச் சுற்றிய கேள்விகளை அவர் 2009-இல் புத்தகமாகவே எழுதினார். மைக்கில் பேசியது காற்றோடு போகாமல், யார் என்ன கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பதிவாகும் என்பதையும், அந்தப் பதிவு அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் ஆதாரமாக மாறும் என்பதையும் அவர் நாட்டுக்குக் காட்டினார். எந்தத் திறந்தவெளிக் குற்ற விளையாட்டிலும் இந்தப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை. அங்கே கன்ட்ரோல் ரூம் தவறே செய்வதில்லை. அது சொன்ன ஆள்தான் குற்றவாளி, ஏனென்றால் விளையாடுகிறவன்தான் அந்த ஆள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நிஜ உலகில் மைக் சொல்லும் அடையாளம் குற்றவாளியின் மேல் மட்டும் விழுவதில்லை. அதே நிறச் சட்டை போட்டவன், அதே தெருவில் நடந்தவன், அதே மாதிரி முகம் கொண்டவன் எல்லோர் மேலும் விழுகிறது. பிரிட்டிஷ் போலீஸ் வானொலியில் ஆளின் தோற்றத்தைச் சொல்ல ஐசி என்று தொடங்கும் குறியீடுகள் இருக்கின்றன. ஐசி ஒன்று வெள்ளையர், ஐசி மூன்று கறுப்பர், ஐசி நான்கு தெற்காசியர். லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ வளரும் ஒரு தமிழ்ப் பையன் வேலை முடிந்து இரவில் நடந்து வரும்போது, எங்கோ நடந்த ஏதோ ஒன்றுக்காக அவனும் ஐசி நான்கு. அவன் பெயரோ தொழிலோ மைக்கில் இல்லை. விளையாட்டில் நட்சத்திரம் ஏறுவதற்கு முன்பு ஒரு குற்றமாவது செய்ய வேண்டும். வெளியே அந்த நியதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

தங்கவயல் இதை நூறு வருடங்களுக்கு மேலாக அறியும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், தங்கம் எடுக்கிறவர்களாகவும் அதே நேரத்தில் தங்கம் திருடக்கூடியவர்களாகவும் பார்க்கப்பட்டார்கள். தங்கத் திருட்டைத் தடுக்க மைசூர் சமஸ்தானம் தனிச் சட்டம் போட்டது. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவரைச் சோதனை போடுவது அன்றாடமாக இருந்தது. 1930-இல் தொழிலாளர்களின் விரல் ரேகையை எடுத்துப் பதிவு செய்யும் முயற்சி வந்தபோது, குற்றவாளிகளைப் போல் எங்களை நடத்துவதா என்று கேட்டுச் சுரங்கங்களே நின்றுபோகும் அளவுக்கு வேலைநிறுத்தம் நடந்தது. 1946 நவம்பர் 4 அன்று போராட்டத்தில் ஆறு தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். தங்கவயல் தொழிற்சங்கத்தார் அந்த நாளைத் தியாகிகள் தினமாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இன்றும் கோலார் வருவாய் மாவட்டத்துக்குள் தங்கவயலுக்கென்று தனிக் காவல் மாவட்டமும் தனி எஸ்.பி.யும் உண்டு. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. தங்கத்தைக் காவல் காக்க வந்த ஏற்பாடு தங்கம் போன பிறகும் நீடிக்கிறது. அதில் உள்ளூர்க்காரர்களுக்குச் சாதகமும் உண்டு. பெரிய அதிகாரி பக்கத்திலேயே இருப்பது நல்லதுதான். ஆனால் எத்தனை ஊர்களுக்கு இப்படி ஒரு வரலாறு வாய்த்திருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த மண்ணின் மேல்தான் 2018 டிசம்பரிலும் 2022 ஏப்ரலிலும் 'கே.ஜி.எஃப்' படத்தின் இரண்டு பாகங்கள் வந்து இறங்கின. அதில் வரும் நராச்சி சுரங்கத்தில் அடிமைகளும் துப்பாக்கி ஏந்திய காவலர்களும் ஒரு சுல்தானும் இருக்கிறார்கள். உண்மையான சுரங்கத்தை முதலில் லண்டன் கம்பெனிகளும், 1956-க்குப் பிறகு அரசும் நடத்தின. சம்பளச் சீட்டும், பி.எஃப். கணக்கும், தொழிற்சங்கமும், பாறை வெடிப்பில் செத்தவர்களின் பட்டியலும், சிலிக்கோசிஸ் நோயில் மூச்சு வாங்கியவர்களின் மருத்துவக் குறிப்புகளும் அதற்கு உண்டு. படம் படமாக இருக்கட்டும், அதை ரசிக்கிறவர்கள் ரசிக்கட்டும். ஆனால் அதன் பிறகு வெளியூர் இளைஞனுக்குத் தங்கவயல் என்றாலே தாதாக்களின் ஊர் என்று ஆகிவிட்டது. 2024-இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' தொழிலாளர்களின் பக்கத்திலிருந்து அந்த மண்ணைப் பார்த்தது. எந்தப் படம் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சினிமாவுக்கு அடுத்து வருவது விளையாட்டு. இது ஊகமாக இருக்கத் தேவையில்லை. இரண்டாம் பாகம் வந்தபோதே 'கேஜிஎஃப்வெர்ஸ்' என்ற பெயரில் ஓர் இணைய உலகத்தைத் தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். மும்பையைச் சேர்ந்த கேம்இயான் நிறுவனம் 'மும்பை கல்லீஸ்' என்ற திறந்தவெளி விளையாட்டை அறிவித்தது. 'இந்தியன் பைக்ஸ் டிரைவிங் 3டி' போன்ற செல்போன் விளையாட்டுகளைக் கிராமத்துப் பிள்ளைகள்கூட ஆடுகிறார்கள். தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேடும், துருப்பிடித்த ஷாப்டுக் கோபுரங்களும், நேர்கோட்டில் ஓடும் லைன் வீடுகளும் கொண்ட ஓர் ஊர் விளையாட்டு வடிவமைப்பாளரின் கண்ணில் படாமல் போகாது. படும்போது, அதன் போலீஸ் மைக்கில் என்ன சொல்வார்கள்?

அமெரிக்க அச்சில் வார்த்தால் இப்படி இருக்கும்: சந்தேக நபர் வடக்கு நோக்கி, இன்ன அவென்யூவில், இன்ன நெடுஞ்சாலையை நெருங்குகிறார். ஸ்கெலட்டனில் யாரும் அப்படி வழி சொல்ல மாட்டார்கள். தங்கவயலில் இடம் என்பது ஷாப்டின் பெயர், லைனின் பெயர், அந்த லைனின் மாரியம்மன் கோயில் அல்லது சர்ச், மூடிக்கிடக்கும் மில், கொட்டிவைத்த மேடு. ஆங்கிலேய மேலாளர்கள் விட்டுச்சென்ற பெயர்களைத் தமிழ் நாக்கு தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது. ராபர்ட்சன்பேட்டைக்கும் ஆண்டர்சன்பேட்டைக்கும் நடுவில் எது எந்த ஸ்டேஷன் எல்லை என்பது அங்கே வேலை பார்க்கிற போலீஸ்காரருக்குத்தான் மனப்பாடம். தகவல் கொடுக்கிறவர் தமிழிலோ தெலுங்கிலோ உருதிலோ படபடப்பாகச் சொல்வார். மைக்கில் அது கன்னடமாகப் போகும், இடையிடையே ஆங்கிலம் கலக்கும். பதற்றத்தில் இருக்கும் ஒரு தாயின் பேச்சைக் கேட்டு, அதை நான்கு தெளிவான துண்டுகளாக்கி வேறு மொழியில் அனுப்புவது பெரிய திறமை. அதைச் செய்கிறவர் பெயர் யாருக்கும் தெரியாது.

நேரமும் முக்கியம். சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலின் உழைக்கும் கூட்டம் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து ரயில் ஏறி பெங்களூரு போகிறது, இரவில் திரும்புகிறது. பகலில் லைன்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் சிறு பிள்ளைகளும்தான். இந்த ஊரைத் திரையில் கட்டுகிறவர் பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவெல்லாம் முரட்டு இளைஞர்களை நிறுத்தினால் அது பொய். அந்தத் தெருவைப் பார்த்து மைக் சந்தேக நபர், சந்தேக நபர் என்று கத்தினால் அது பொய்யோடு அநியாயமும் ஆகிறது. பெங்களூருக்கு வேலை தேடிப் போகும் ஒரு பெண் ஊர் தங்கவயல் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டு, அந்தப் பட நாயகனின் பெயரைச் சொல்லி 'ராக்கி பாய் ஊரா?' என்று கேட்பதோடு இது நிற்கட்டும்.

விளையாட்டுதானே, இதற்குப் போய் இவ்வளவா என்று கேட்கிறவர்கள் உண்டு. 2018-இல் வந்த 'மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்' விளையாட்டில் நாயகன் நியூயார்க் முழுக்கப் போலீஸின் கண்காணிப்புக் கோபுரங்களைச் சரிசெய்து, அதன் பிறகு போலீஸ் வானொலியைக் கேட்டு ஒவ்வொரு குற்றமாகப் போய்த் தடுக்கிறான். குழந்தைகளுக்குப் பிடித்த அந்த விளையாட்டைப் பற்றி அமெரிக்க விமர்சகர்கள் அப்போதே கேள்வி எழுப்பினார்கள்: ஒரு நகரத்தையே போலீஸின் காது வழியாக மட்டும் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குகிறோமா? நியாயமான கேள்வி. விளையாட்டு யாரையும் குற்றவாளி ஆக்கிவிடாது. ஆனால் நாள்தோறும் மூன்று மணி நேரம் கேட்கிற குரல், எந்தப் பேட்டையின் பெயரைச் சொன்னால் ஆபத்து என்று நினைக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் இருக்காது. வடசென்னையைச் சினிமா என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரியாகவும் செய்ய முடியும் என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, பழைய பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும், அம்மா மகனை எப்படிக் கூப்பிடுவாள் என்பதிலெல்லாம் அவர்கள் சமரசம் செய்துகொள்ளவில்லை. 2024-இல் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருது கொடுத்தது. ஒரு சமையலறைக்குக் காட்டிய அக்கறையை ஒரு கன்ட்ரோல் ரூமுக்கும் காட்ட முடியும். அவசர அழைப்புகளைக் கையாள்வதையே ஆட்டமாக்கிய '911 ஆபரேட்டர்' 2017-இல் வந்து உலகமெங்கும் விற்றது. துரத்தல் இல்லாமலும் மைக்கைச் சுற்றி ஒரு விளையாட்டு நிற்கும் என்பதை அது காட்டிவிட்டது. ஒரே நேரத்தில் மூன்று அழைப்புகள், கையில் ஒரே ஒரு ஜீப், அழைப்பவரின் மொழி பாதிதான் புரிகிறது. தங்கவயலில் நடக்கும் அப்படி ஒரு விளையாட்டில் கார்த் துரத்தலைவிடப் பரபரப்பு அதிகம் இருக்கும்.

இதற்கான ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வயர்லெஸ் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வுபெற்றவர்கள் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் எத்தனையோ பேர். தேர்தல் இரவுகளையும், காவிரிக் கலவரங்களையும், 2004 டிசம்பர் சுனாமி காலையையும் மைக்கின் பின்னால் இருந்து கேட்டவர்கள். இப்போது எல்லாம் 112 எண்ணுக்கும் கணினித் திரைக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. நியூயார்க் போலீஸ் 2023-இல் தன் வானொலிப் பேச்சை வெளியார் கேட்க முடியாதபடி பூட்டத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில்கூட அந்தக் குரல் பொதுமக்களுக்கு எளிதில் கிடைப்பது குறைந்துவருகிறது. இங்கே பழைய மைக்கின் பேச்சு நடை அதைப் பேசியவர்களோடு சேர்ந்து போய்விடும் நிலையில் இருக்கிறது. அரசு ஆவணக் காப்பகங்களில் தேடினால் அது கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ரகசியம் எதையும் சொல்லச் சொல்லிக் கேட்கத் தேவையில்லை. எப்படிப் பேசினீர்கள், அவசரத்தில் எதை முதலில் சொன்னீர்கள், ஆளை எப்படி அடையாளம் சொன்னீர்கள், எப்போது தவறாகப் போனது என்று கேட்டால் போதும்.

சென்னையிலும் பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் விளையாட்டு உருவாக்கும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த உலகத்தில் போலீஸ் மைக் ஒன்று ஒலிக்கப்போகிறது என்றால், அமெரிக்கத் துண்டுகளை மொழிபெயர்த்து ஒட்டாதீர்கள். ஓய்வுபெற்ற ஒரு வயர்லெஸ்காரரைக் கண்டுபிடித்து, கூலி கொடுத்து, பெயரையும் போட்டு, அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். உங்கள் கதை தங்கவயலில் நடந்தால் ஒரு நாள் மாரிக்குப்பம் ரயிலில் ஏறி இறங்குங்கள். ஸ்கெலட்டனில் இருப்பவர்களிடம் அவர்கள் லைனுக்கு எப்படி வழி சொல்வார்கள் என்று கேளுங்கள். பிறகு எழுதுங்கள், அந்த ஊரை எந்தக் குரலில் யார் சந்தேகப்பட வேண்டும், யார் சந்தேகப்படக் கூடாது என்று.